கடைமடைக்கு வந்த ஃபைபர் இணைப்பு: வேகத்துக்கு முழு மதிப்பெண், மலிவுக்கு அல்ல

திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊராட்சிக்கு வீட்டு ஃபைபர் இணைப்பு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. உள்ளூர்க் கேபிள் டி.வி. நடத்துநர் ஒருவர் இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் முகவராக இருந்து இந்த இணைப்பைத் தருகிறார். நொடிக்கு 40 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகம் தரும் திட்டத்துக்கு மாதக் கட்டணம் 450 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 531 ரூபாய். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதில் கூறும் நிறைகளும் குறைகளும் ஊர்ப்புறத்துக்கு வரும் ஏறத்தாழ எல்லா ஃபைபர் இணைப்புகளுக்கும் பொருந்துபவை, விலையும் அப்படியே. பி.எஸ்.என்.எல். ஃபைபரின் தொடக்கத் திட்டங்களில் ஒன்று 449 ரூபாய்க்கும், ஜியோஃபைபரின் தொடக்கத் திட்டம் 399 ரூபாய்க்கும், வரிக்கு முன்பான விலையாக, நெடுங்காலம் விற்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே ஊர்ப்புறத்தில் ஒரு குடும்பம் கம்பிவழி இணையத்துக்குள் நுழைய வேண்டுமானால் மாதம் 500 ரூபாயை ஒட்டிய தொகையை எடுத்து வைக்க வேண்டும் என்பதே நிலவரம்.

சாலையோரம் குழி தோண்டிக் குழாய் பதிக்கும்போதும், கம்பத்தில் கறுப்புக் கேபிள் சுருள் தொங்கும்போதும், ‘வசதி வந்துவிட்டது, இனி இணையம் மலிவாகிவிடும்’ என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொள்வது வழக்கம். அரசின் அறிவிப்புகளும் அந்த நம்பிக்கையையே சொல்கின்றன. மேட்டூரில் மதகு திறந்த செய்தி கேட்டதும் கடைமடையில் நாற்று விட முடியாது. இடையில் எத்தனையோ வாய்க்கால்களும் மதகுகளும் இருக்கின்றன என்பது இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஃபைபருக்கும் அது பொருந்துகிறதா என்பதையே இந்த இணைப்பைப் பயன்படுத்திய அனுபவத்தையும் கட்டணக் கணக்குகளையும் வைத்து இங்கே சோதித்துப் பார்க்கிறேன்.

முதலில் சேவையின் தரம். இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. சொன்ன வேகம் பெரும்பாலான நேரங்களில் கிடைக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல், ஊரே தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன் அமரும் நேரத்தில் சற்றுக் குறைகிறது என்றாலும், காணொளி நின்று நின்று ஓடும் அளவுக்குப் போவதில்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. வீட்டு ஃபைபரில், நடத்துநரின் அலுவலகத்தில் இருக்கும் கருவியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் ஒற்றை இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டிகளில் பிரிந்து 32, 64 என்ற எண்ணிக்கையிலான வீடுகளுக்குச் செல்கிறது. அந்த ஒரு முனையின் மொத்தத் திறன் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட்; அதை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் தெருவில் இணைப்பு பெற்ற வீடுகள் இன்னும் குறைவு என்பதால் நெரிசலும் குறைவு. ஆனால் வேகத்துக்கு நன்மையாக இருக்கும் இந்தக் குறைவே விலைக்குத் தீமையாக இருக்கிறது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

பதிவேற்ற வேகமும் பதிவிறக்க வேகத்துக்கு இணையாகவே கிடைக்கிறது. பழைய செப்புக் கம்பி பிராட்பேண்ட் இணைப்பில் இது கனவாகவே இருந்தது. கல்லூரி மாணவர்கள் விண்ணப்பங்களைப் பதிவேற்றுவதற்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பெற்றோர் முகம் பார்த்துப் பேசுவதற்கும், வீட்டிலிருந்தே கணினி வேலை செய்யும் இளைஞர்கள் கூட்டங்களில் கலந்துகொள்வதற்கும் இது போதுமானது. மழை பெய்தால் அறுந்துபோகும் கைப்பேசிச் சிக்னலோடு ஒப்பிட்டால், இது வேறு தரத்தில் உள்ள சேவை என்று தயங்காமல் கூறலாம்.

பழுது நீக்குவதில்தான் சிக்கல். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் இழை எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். லாரி உரசியதாலோ, தென்னை மட்டை விழுந்ததாலோ, எலி கடித்ததாலோ அறுந்துபோகும் இழையை ஒட்டுவதற்கு ஸ்ப்ளைசிங் இயந்திரம் வேண்டும். அது விலை அதிகமான இயந்திரம் என்பதால் ஒவ்வொரு நடத்துநரிடமும் இருப்பதில்லை. எங்கள் நடத்துநர் பக்கத்து டவுனில் இருந்து ஆள் வரவழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் பழுது சரியாகும் வரை மறுநாளும் சில வேளை அதற்கு அடுத்த நாளும் காத்திருக்க நேர்கிறது. அந்த நாட்களுக்கான கட்டணம் கழிக்கப்படுவதில்லை. கேட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அடுத்த மாதம் பேச்சே எழுவதில்லை. இதை நடத்துநர் ஒருவரின் பிழையாக மட்டும் நான் பார்க்கவில்லை. மேல்நிலையில் உள்ள நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, பராமரிப்பின் முழுச் சுமையையும் கீழே தள்ளிவிடும் அமைப்பில் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது.

டெல்டாவில் இழைகளைக் கம்பத்தின் மேல் கட்டுவதா, மண்ணுக்குள் புதைப்பதா என்பது வெறும் செலவுக் கணக்கு அன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவதற்காக இழைகளில் பெரும்பகுதியை மின்கம்பங்களின் வழியாகவே கொண்டுசெல்கிறது. தனியார் கேபிள் நடத்துநர்களும் அவ்வாறே செய்கிறார்கள். மேலே கட்டுவது மலிவு. ஆனால் புயலுக்குப் பின் அறுந்ததை மீண்டும் இழுக்கும் செலவு எப்படியும் சந்தாதாரரின் கட்டணத்தில்தான் ஏறும். மழைமாவட்டத்தில் இருப்பவர்கள் இணைப்பு எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. இன்னொன்று மின்தடை: மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகள் மோடத்துக்கென்றே சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது. இணைப்பின் உண்மையான விலையில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி விலைக்கு வருகிறேன். இந்த மதிப்புரையின் மையம் அதுதான்.

ஒரு ஜி.பி. என்ன விலை என்று கேட்டால், விடை வியப்பூட்டும் அளவுக்கு மலிவு. ஒரு வீட்டில் நான்கு பேர் மாதத்துக்கு 300 ஜி.பி. பயன்படுத்துவதாகக் கொண்டால், 531 ரூபாயை வகுத்துப் பார்க்கையில் ஒரு ஜி.பி. இரண்டு ரூபாய்க்கும் குறைவாக வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி, 2014இல் கைப்பேசிப் பயனர் ஒரு ஜி.பி. தரவுக்குச் சராசரியாகச் செலவிட்டது ஏறத்தாழ 269 ரூபாய். 2018இல் அது 12 ரூபாய்க்குக் கீழே வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கி, 2017 மார்ச் வரை இலவசமாகவே தந்தபோது நிகழ்ந்த சரிவு அது. வசதி பெருகினால் விலை குறையும் என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த வரலாற்றைத்தான். அதில் உண்மை இருக்கிறது. புதிய 4ஜி கட்டமைப்பு இல்லாமல் அந்த அளவு தரவைச் சுமந்திருக்கவே முடியாது.

ஆனால் ஏழைக் குடும்பம் இணையத்தை ஜி.பி. கணக்கில் வாங்குவதில்லை. அது வாங்குவது நுழைவுச் சீட்டை. கைப்பேசி எண் செயலிழக்காமல் இருக்கவும், வங்கியிலிருந்து ஓ.டி.பி. வரவும், ஓரளவு தரவு கிடைக்கவும் 28 நாளுக்கு ஒருமுறை கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்பதே அதற்கு முக்கியம். அந்தத் தொகையின் வரலாறு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. 2018இன் இறுதியில் தனியார் நிறுவனங்கள் 35 ரூபாய்க் குறைந்தபட்ச ரீசார்ஜை அறிமுகப்படுத்தின. ஏர்டெல்லை எடுத்துக்கொண்டால் அந்தக் குறைந்தபட்சம் 49 ரூபாயாகி, 2021 ஜூலையில் 79 ரூபாயாகி, அதே ஆண்டு நவம்பரில் 99 ரூபாயாகி, 2023இல் 155 ரூபாயாகி, 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் 28 நாள் பேக் 199 ரூபாய்க்கு வந்து நின்றது. இதே காலத்தில்தான் நாடெங்கும் கோபுரங்கள் பெருகின, ஃபைபர் இழைகள் நீண்டன, 2022 அக்டோபரில் 5ஜி வந்தது. கட்டமைப்பு ஒவ்வோர் ஆண்டும் மேம்பட்டது. நுழைவுச் சீட்டின் விலை ஒவ்வொரு கட்டத்திலும் ஏறியது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே நேரத்தில் நிகழ்ந்தவை.

199 ரூபாய்ப் பேக்கில் முந்தையவற்றைவிட அதிகம் கிடைக்கிறது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். வரம்பற்ற அழைப்பும் 2 ஜி.பி. தரவும் அதில் உண்டு என்பது உண்மையே. ஆயினும் மாதத்துக்கு நாலைந்து அழைப்புகள் மட்டுமே பேசும் மூதாட்டிக்கு வரம்பற்ற அழைப்பு எதற்கு? அவர் 35 ரூபாயில் இருந்தபோது பெற்ற பயனுக்கு மேல் இன்று எதையும் பெறவில்லை. கட்டுவது மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு வந்த திட்டங்களும் சிறுதொகையாக இல்லை: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், ஜியோவில் 448 ரூபாய். ஜியோ 2023 ஜூலையில் 999 ரூபாய்க்குக் கொண்டுவந்த பாரத் கைப்பேசியும் அதனுடன் வரும் 123 ரூபாய் மாதத் திட்டமும் ஓரளவு ஆறுதல்; ஆனால் அந்தக் கட்டணம் அந்தக் கருவிக்கு மட்டுமே உரியது.

இப்போது எங்கள் ஃபைபர் இணைப்பை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். நான்கு கைப்பேசிகள் உள்ள ஒரு வீடு. நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் 299 ரூபாய்த் திட்டத்தை ஒவ்வொருவரும் போட்டுக்கொண்டால், 28 நாள் என்பதால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். ஒரு கைப்பேசிக்கு 3,887 ரூபாய், நான்குக்கும் சேர்த்து 15,548 ரூபாய். வீட்டுக்கு ஃபைபர் எடுத்தால் ஆண்டுக்கு 6,372 ரூபாய். பார்த்த மாத்திரத்தில் பாதிக்கும் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் ஃபைபர் எடுத்த பின்னும் கைப்பேசி எண்களை உயிரோடு வைத்திருக்க வேண்டுமே! நான்கு எண்களுக்கும் 199 ரூபாய்க் குறைந்தபட்சப் பேக்கைத் தொடர்ந்தால் 10,348 ரூபாய்; ஃபைபரோடு சேர்த்து 16,720 ரூபாய். அதாவது ஃபைபர் எடுத்த வீடு முன்பைவிட ஆயிரத்துக்கும் அதிகமாகச் செலவிடுகிறது. வெளியே போகும்போது இணையமே வேண்டாம் என்று முடிவெடுத்து, நால்வரும் 84 நாள் அழைப்புத் திட்டத்துக்கு மாறினால்தான் மொத்தம் 14,500 ரூபாயை ஒட்டி வந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. இணைப்புக் கட்டணமும் மோடத்துக்கான தொகையும் அந்த மிச்சத்தை முதல் ஆண்டிலேயே விழுங்கிவிடும்.

நான் இந்தக் கணக்கைப் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், ஏனெனில் எங்கள் தெருவில் இந்த இணைப்பைப் பலர் ‘செலவு குறையும்’ என்று எண்ணியே எடுத்தார்கள். செலவு குறையவில்லை, அதே செலவுக்குப் பன்மடங்கு அதிகமாகக் கிடைக்கிறது. நிறையப் பயன்படுத்தும் வீட்டுக்கு இது பெரும் பேறு. கொஞ்சமாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. வளரும் நாடுகளில் இணையம் மலிவாகிவிட்டது என்று சொல்லும் பல அறிக்கைகள் இந்த இரண்டு வீடுகளையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடுகின்றன.

ஐக்கிய நாடுகளின் பிராட்பேண்ட் ஆணையம் 2025க்குள் எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு, தொடக்கநிலை இணையச் சேவையின் விலை ஒரு நாட்டின் தனிநபர் சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. கைப்பேசித் தரவில் இந்தியா அந்த இலக்கைத் தாண்டிவிட்ட நாடு. ஆனால் நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025–26ஆம் ஆண்டுக்கென நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுக்கூலியோடு கிடைத்தாலும் ஆண்டுக்கு 33,600 ரூபாய், மாதத்துக்கு 2,800 ரூபாய். அதில் 2 சதவீதம் 56 ரூபாய். வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு 199 ரூபாய்ப் பேக், ஆண்டுக்கு 13 முறை கட்டுவதால், அந்த வருமானத்தில் ஏறத்தாழ 8 சதவீதம். எங்கள் ஃபைபர் இணைப்பு 19 சதவீதம். விவசாயக் கூலியும் அவ்வப்போது கிடைக்கும் என்று அந்தத் தொகையை இரட்டிப்பாக்கிக்கொண்டாலும் இலக்கை நெருங்க முடியவில்லை. எங்கள் ஊராட்சியில் இழை கடந்து செல்லாத தெரு அநேகமாக இல்லை. ஆனால் இணைப்பு இருப்பது பெரும்பாலும் மாத ஊதியம் வரும் வீடுகளிலும், வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளிலும்தான்.

விலை ஏன் இறங்கவில்லை என்பதற்கான விடை, மேலே சொன்ன ஸ்ப்ளிட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஃபைபரில் பெருஞ்செலவு இழையை இழுத்து வரும் வேலையில். ஒரு தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டால் இன்னொரு வீட்டைச் சேர்க்கும் செலவு மிகக் குறைவு. 64 வீடுகளுக்குப் போக வேண்டிய இழையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டும் இருந்தால், முழுச் செலவையும் அந்தச் சில வீடுகளே தாங்க வேண்டியிருக்கிறது. விலை அதிகம் என்பதால் புதிய வீடுகள் சேர்வதில்லை. புதிய வீடுகள் சேராததால் விலை குறைவதில்லை. சந்தையை மட்டும் நம்பினால் இந்த முடிச்சு தானாக அவிழாது. நகரத்தில் ஒரே அடுக்ககத்துக்கு மூன்று நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. இங்கே ஒரே நடத்துநர்தான். அவருக்கு விலையைக் குறைக்கத் தூண்டுதல் ஏது?

கட்டமைப்பு உண்மையிலேயே தடையாக இருந்த இடங்களில் அது வந்ததும் நிலைமை மாறியது என்பதை மறுப்பதற்கில்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவில் போடப்பட்ட கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளில் இணையம் மெதுவாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. எத்தனை நிறுவனங்கள் போட்டியிட்டாலும் வானத்திலிருந்து வரும் அந்தக் குறுகிய பாதையை அகலப்படுத்த முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதுவே கதை. 2009இல் சீகாம், டீம்ஸ் ஆகிய கடலடிக் கேபிள்கள் கென்யாவின் மொம்பாசாவில் கரையேறும் வரை அந்தக் கடற்கரை முழுவதும் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. கேபிள் வந்ததும் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் இணையத் திறனின் விலை பெருமளவு சரிந்தது. வீட்டுக்காரர் கட்டும் சில்லறை விலை அதே வேகத்தில் இறங்கவில்லை. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியில்தான் எங்கள் ஊரைப் போன்ற ஊர்கள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. இலங்கையில் கடலடிக் கேபிள்களுக்கும் நகர்ப்புற ஃபைபருக்கும் குறைவில்லை. ஆனால் 2022இல் ரூபாயின் மதிப்பு சரிந்து, 2024 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி 18 சதவீதமாக உயர்ந்தபோது, கட்டண உயர்வைக் கேபிள் தடுத்துவிடவில்லை.

இந்தியாவில் பொதுப் பணத்தில் போடப்பட்ட இழைகளின் நிலை என்னை மேலும் வருத்துகிறது. ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரிலேயே ஒப்புதல் தந்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் மாறியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் எடுத்துச் சேர்க்கப்படும் நிதிதான் இதன் மூலதனம்; ஆகவே நாம் செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் இதற்கான பங்கு இருக்கிறது. அந்த இழை ஊராட்சி அலுவலகம் வரை வருவதுதான் திட்டம். அலுவலகத்தில் கருவி ஒன்று பொருத்தப்பட்டு, பூட்டிய அறையில் இருப்பதைப் பல ஊர்களில் காணலாம். அங்கிருந்து வீடுகளுக்கு யார், என்ன விலைக்குக் கொண்டுசெல்வார்கள் என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை தேடப்படவே இல்லை. 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டத்தில்தான், உள்ளூர் இளைஞர்களைப் பங்காளிகளாக்கி 1.5 கோடி ஊரக வீடுகளுக்கு இணைப்பு தருவது என்ற பகுதி தெளிவாகச் சேர்க்கப்பட்டது. வீட்டுக்கு இணைப்பு தருவது நல்லதே. ஆனால் அந்த இணைப்புக்கும் மாதம் 400, 500 ரூபாய் என்றால், இதுவரை எழுதிய கணக்குகளில் எதுவும் மாறாது.

மாறுவதற்கு வாய்ப்புள்ள வழி ஒன்று உண்டு. அதை இந்த மதிப்புரையில் சேர்த்தே ஆக வேண்டும். 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பி.எம்.வாணி திட்டத்தின்படி, பெட்டிக்கடைக்காரரோ தேநீர்க் கடைக்காரரோ உரிமம் பெறாமலும் கட்டணம் செலுத்தாமலும் தம் கடையில் பொது வைஃபை வைத்து, சிறு தொகைக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ இணையத்தை விற்கலாம். ஏழைக்குப் பொருந்துகிற வடிவம் இதுதான், ஏனெனில் இதில் 28 நாள் சீட்டு இல்லை; தேவைப்படும் நாளில் தேவைப்படும் அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம். 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை 2022க்குள் ஒரு கோடி பொது வைஃபை இடங்களை இலக்காக வைத்தது. சில லட்சங்களைத் தாண்டவே திணற வேண்டியிருந்தது. காரணம் வெளிப்படையானது. வீட்டுக்கு 450 ரூபாய்க்குத் தரும் அதே ஃபைபரை, கடைக்காரர் பொது வைஃபைக்கு என்று கேட்டால், வணிகத்துக்கென்று தனியாகத் தரும் லீஸ்டு லைன் இணைப்பை எடுங்கள் என்று பல மடங்கு விலை சொல்லப்பட்டது. இழை ஒன்றே, வேகமும் ஒன்றே, விலை மட்டும் வேறு! 2025 ஜூனில் டிராய் தலையிட்டு, 200 எம்.பி.பி.எஸ். வரையிலான திட்டங்களைப் பொது வைஃபை நடத்துபவர்களுக்கும் தர வேண்டும், வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. மீட்டர் மீட்டராக இழை போட்டு நிகழாத மலிவை, ஒரு கட்டண ஆணை சாத்தியமாக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் ஒன்றிலும் இந்த வசதி இன்னும் இல்லை.

போட்டியின் வலிமைக்கும் சான்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியபோது, பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை. அப்போது அதன் கட்டமைப்பு மற்றவற்றைவிட மேம்பட்டதாக இல்லை. 4ஜி கோபுரங்களே அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தன. ஆயினும் அந்த மாதங்களில் பல லட்சம் பேர் அதற்கு மாறினார்கள். வேகத்தை விட்டுக்கொடுத்தாவது கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள விரும்பும் மக்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது. இவர்களுக்கென்று ஃபைபரில் ஒரு திட்டம் வேண்டும்: வேகம் 10 எம்.பி.பி.எஸ். போதும், மாதம் 150 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் ஸ்ப்ளிட்டர் முனைகளில் இவ்வீடுகளைச் சேர்ப்பதால் நடத்துநருக்கு இழப்பு ஏதும் வராது. வருகிற தொகை அத்தனையும் கூடுதல் வருவாயே. இதை எங்கள் நடத்துநரிடம் கூறியபோது, மேலே இருந்து அப்படி ஒரு பேக் போட்டுத் தந்தால் நாளைக்கே ஐம்பது வீடு சேர்த்துவிடுவேன் என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

இணைப்பு எடுக்க எண்ணுபவர்களுக்குச் சில செய்திகள். விளம்பரத் தாளில் இருக்கும் விலை வரிக்கு முன்பானது என்பதை மறக்க வேண்டாம். ஆறு மாதத் தொகையை ஒரே தவணையில் கட்டினால் இணைப்புக் கட்டணம் இல்லை என்பார்கள். மோடம் வாடகைக்கா, சொந்தமா, திருப்பித் தந்தால் வைப்புத்தொகை கிடைக்குமா என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத வரம்பைத் தாண்டிய பின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் கேளுங்கள். அறைகள் பல உள்ள பழைய ஓட்டு வீடுகளில் வைஃபை ஒரு சுவரைத் தாண்டினாலே தளர்ந்துவிடும் என்பதால் மோடத்தை நடுக்கூடத்தில் வைப்பது நல்லது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலத்தில் கடவுச்சொல்லைக் கொடுப்பதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் இரண்டு வீட்டார் கட்டணத்தைப் பங்கிட்டு ஒரே இணைப்பைப் பயன்படுத்துவதைச் சேவை விதிகள் ஏற்பதில்லை. உண்மையில் மலிவுக்கு மக்கள் தாமாகக் கண்டுபிடித்த வழி அதுதான், அதை முறைப்படுத்த நிறுவனங்கள் முன்வராதது எனக்கு வருத்தம்.

படிக்கும் பிள்ளைகளோ வீட்டிலிருந்து வேலை செய்பவரோ இருந்து, மாதம் 531 ரூபாய் சுமையாகத் தெரியாத வீடு என்றால், இந்த இணைப்பைத் தயங்காமல் எடுக்கலாம்; நானும் அடுத்த ஆறு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன். இரண்டு கைப்பேசிகளும் கூலி வருமானமும் மட்டுமே உள்ள வீட்டுக்கு இப்போதைய விலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் ஊராட்சி அலுவலகம் வரை ஏற்கெனவே வந்திருக்கும் அரசு இழையிலிருந்து நூலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் பொது வைஃபை கேட்டு, அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவதே பயனுள்ளது. அதற்கான மனுவை எங்கள் தெருவில் எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம்.